சொல்லிக்கொண்டு புறப்படுகிறவர் எங்கள் அக்கா

தென்னக்கும்புர பாலத்தில் நடந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அப்போது எனக்குத் திகனையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் பேக்கரியில், பாண் சுடும் போறணை அடுப்பில் வேலை. முதல்நாள் ஒரு போறணைப் பாண் கருகிவிட்டது. கருக்கியது நானா, விறகா என்று முதலாளிக்கும் எனக்கும் பேச்சு முற்றியது. விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், கண்டியைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டேன். வேலையை விட்டால் அக்கா வீடு. வாலிபத்திலிருந்து எனக்கு அதுதான் வழி.

பேசியது அக்காவின் மகள்.

“மாமா, எங்க இருக்கீங்க?”

“பாலத்துக்கிட்ட.”

“அப்ப வேலைய விட்டாச்சு. நல்லதாப் போச்சு. நேரா வீட்டுக்கு வாங்க, அம்மாவுக்கு முடியல.”

இந்த முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு எழுதும்படி அக்காவின் பேரப்பிள்ளைகள் கேட்டபோது, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் ஒரு ஆசிரியையைப் பற்றி என்ன எழுதுவது என்றேன். “அம்மாயியப் பத்தி எங்களுக்குத் தெரியாதத எழுதுங்க தாத்தா” என்றார்கள். அவர்களுடைய அம்மாயியான என் அக்கா எங்கிருந்தும் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் அப்படி என்பது எனக்குத் தெரியும். அதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா கவ்வாத்து வெட்டினார். பெரியண்ணன், அக்கா, கடைசியில் நான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பெண்பிள்ளைகள் கூடையைத் தூக்குவதுதான் வழக்கம். அக்கா தூக்கவில்லை. அடம்பிடித்து, தினமும் மலையிறங்கித் தெல்தோட்டைக்கு நடந்து படித்தார். மழைக்காலத்தில் அட்டை கடித்த காலோடு வகுப்பில் இருந்திருக்கிறார். கடைசியில் ஆசிரியர் கலாசாலைக்கும் போய்ச் சேர்ந்தார். எங்கள் தோட்டத்திலிருந்து அப்படிப் போன முதல் பெண் அவர்தான்.

அவர் அங்கே படித்துக்கொண்டிருந்த நாட்களில், தோட்டத்து மக்களை இரு நாடுகளும் பங்கிட்ட ஒப்பந்தத்தில் பெரியண்ணனுக்கு இந்தியப் பிரஜாவுரிமை என்று முடிவாயிற்று. எங்களுக்கு இலங்கை, அவருக்கு இந்தியா. பெட்டி கட்டி, மனைவி மக்களோடு ரயிலேறிவிட்டார். படிப்புக் கெட்டுவிடும் என்று அக்காவுக்கு யாரும் அறிவிக்கவில்லை. விடுமுறைக்கு வந்தவர் பெரியண்ணனின் காம்பராவில் வேறு குடும்பம் சமைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். “சொல்லிட்டுப் போகக்கூடாதா?” என்று அப்பாவிடம் கேட்டார். பெரியண்ணனை நாங்கள் பிறகு பார்க்கவேயில்லை.

அதற்குப் பிறகுதான் அக்கா இப்படி ஆனார். ஹேவாஹெட்டையில் முதல் நியமனம். ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரு டீச்சர். பிள்ளைகள் மணியடித்ததும் ஓடிவிட முடியாது. ஒவ்வொருவரும் வந்து “டீச்சர், போயிட்டு வாரேன்” என்று சொல்லவேண்டும், அவரும் ஒவ்வொருவருக்கும் “போயிட்டு வா” என்று சொல்வார். பிறகு கண்டி நகரத்துப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோதும் இதே முறைதான். மாநகர சபையில் எழுதுவினைஞராக இருந்த அத்தானை மணந்து, ஒரு மகளைப் பெற்று, அத்தான் காலமான பிறகும் அதே வீட்டில் இருந்தார். ஓய்வு பெற்ற நாளில் வகுப்பு வகுப்பாகப் போய், சிற்றுண்டிச்சாலை, காவல்காரர், பள்ளிக்கூடத்துப் பலாமரம் எல்லாவற்றிடமும் சொல்லி முடிப்பதற்குள் பிரியாவிடை விருந்து ஆறிப்போய்விட்டது.

“அத்தையக் கூட்டிக்கிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போனா, பந்தி போடுறப்பவே செருப்பத் தேடி வச்சிரணும். அப்பத்தான் பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்கு வரலாம்” என்பார் அவருடைய மருமகன்.

என்னைத்தான் அவரால் திருத்த முடியவில்லை. லொறி கிளீனர், புடவைக் கடை, கோவில் மடப்பள்ளி என்று எத்தனையோ இடங்களில் வேலை செய்தேன். ஒன்றிலும் சொல்லிவிட்டு வந்ததில்லை. அக்கா ஏன் விட்டாய் என்று கேட்கமாட்டார். சோறு போட்டு, நான் கை கழுவிய பிறகு, “சொல்லிட்டு வந்தியா?” என்று மட்டும் கேட்பார். இல்லையென்றால் மறுநாள் திருப்பி அனுப்புவார். ஒருமுறை லொறிக்கார முதலாளியிடம் என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். அந்த மனிதர் பதறி எழுந்து, “டீச்சர், இவன் போனதே எனக்குத் தெரியாது. லொறிக்குள்ள தூங்குறான்னுல்ல நெனச்சேன்” என்றார். அக்கா பஸ்ஸில் வீடு திரும்பும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

பாலத்திலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சொல்லிட்டு வந்தியா?”

“ஆமா.”

“சாரத்துல மா அப்பிடியே கெடக்கு. சொல்லிட்டு வந்தவன் தொவச்சு மாத்திட்டு வந்திருப்பான். நாளைக்குத் திகனைக்குப் போய்ச் சொல்லிட்டு வா.”

தனக்கு நாள் நெருங்கிவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கிழமை முழுவதும் ஒவ்வொருவரையாக வரவழைத்து விடைபெற்றுக்கொண்டிருந்தார். பால்காரர், வைத்தியர், பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா, பேரப்பிள்ளைகள் என்று யாரையும் விடவில்லை. அழுதவர்களை அவரே கேலி செய்து அனுப்பினார். என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

“என்கிட்ட சொல்லலியே?” என்றேன்.

“நீ மொதல்ல திகனைக்குப் போய்ட்டு வா. அப்புறம் ஒன்கிட்ட சொல்றேன்.”

எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. சொல்லாமல் போகிறவர் இல்லை அக்கா. நான் திகனைக்குப் போகாவிட்டால் என்னிடம் சொல்லமாட்டார். சொல்லாதவரை போகவும் மாட்டார். ஆகவே நான் போகவில்லை. பஸ் இல்லை என்றேன், மழை என்றேன், கால் வலி என்றேன்.

“ஊரெல்லாம் நடந்த காலுக்கு இப்பத்தான் வலி வந்திச்சா?” என்று சிரித்தார். நான் எதற்காகப் போகவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

ஒரு மத்தியானம் பிளேன்ரீ குடித்துவிட்டு, “நாளைக்காவது போடா” என்று சொல்லித் தூங்கினார். நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். அந்தத் தூக்கத்திலேயே அக்கா போய்விட்டார்.

சாவு வீட்டிலும் கருமாதி வீட்டிலும் விடைபெறுவது நம்மவர் வழக்கமில்லை. பேசாமல் எழுந்து போய்விடவேண்டும். கருமாதி முடிந்த மாலையில் எல்லோரும் அப்படித்தான் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தவன், திரும்பிப் படத்தைப் பார்த்து, “அக்கா, போயிட்டு வாரேன்” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

“அட கூறுகெட்டவனே! கருமாதி வீட்டுல எவனாச்சும் சொல்லிட்டுப் போவானா?” என்று எங்கள் சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“விடுங்க பாட்டி, இந்த வீட்டுல சொல்லாமப் போனாத்தான் அத்தைக்குக் கோபம் வரும்” என்றார் மருமகன்.

யாரோ சிரித்தார்கள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் உள்ளே வந்து படத்தின் முன் நின்று சொன்னார். அவர் பின்னால் இன்னொருவர். கடைசியில் சின்னம்மாவும் சொன்னார். எல்லோரும் சொல்லி முடிக்க விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.

அன்று எங்களோடு நின்றவர்களுக்கு அக்கா இருந்தால் ஒவ்வொருவராக நன்றி சொல்லியிருப்பார். நான் மொத்தமாகச் சொல்கிறேன். கூப்பிட்ட நேரமெல்லாம் வீடேறி வந்த வைத்தியருக்கும், தினமும் இலைக்கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், கதிரைகளும் கூடாரமும் அனுப்பிய கடைவீதி முஸ்லிம் வியாபாரிகளுக்கும், மழையில் தோள் கொடுத்த பழைய மாணவர்களுக்கும், தாயை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மகளுக்கும் மருமகனுக்கும், எனக்கு வேலை தந்து ஏமாந்த முதலாளிமார் எல்லோருக்கும் எங்கள் நன்றி.

கருமாதிக்கு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திகனைக்குப் போனேன். முதலாளி போறணை முன்னால் தனியாக வியர்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க ஈந்தீங்க இவ்வளவு நாளும்?”

“சொல்லிட்டுப் போக வந்தேன் முதலாளி. அன்னைக்குச் சொல்லாமப் போயிட்டேன்.”

“சரி. எங்க போறீங்க?”

எல்லா முதலாளிமாரும் கேட்ட கேள்விதான். அக்கா வீட்டுக்கு என்று சொல்லிப் பழகிய வாய். அன்று பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

“டீச்சர் மவுத்தான கதை கேள்விப்பட்டேன்” என்றார் முதலாளி. பிறகு ஒரு விறகுக் கட்டையை எடுத்து என் கையில் தந்தார்.

“இன்னைக்குக் கருகினா நீங்கதான். வெறகு இல்ல.”

பையைக் கதிரையில் வைத்துவிட்டு, போறணையை மூட்டினேன்.