எதிர்வீட்டு சீரியல் லைட்

பக்கவாதம் வந்து என் கணவர் படுத்த படுக்கையாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. முதலியார்பேட்டையில் எங்கள் எதிர்வீடு ஸ்டெல்லா அக்காவுடையது. டிசம்பர் பிறந்ததும் கிறிஸ்துமஸுக்காக மாடி முழுக்க சீரியல் லைட் கட்டினார். சாயங்காலமானால் அது எங்கள் ஜன்னலில் சிவப்பும் பச்சையுமாக விட்டுவிட்டு மின்னும். துடைப்பதும் ஊட்டுவதும் புரட்டிப் படுக்க வைப்பதுமாக அலுத்துப்போயிருந்த எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது.

ஒருநாள் நேரே போய், "அக்கா, அவருக்குக் கண்ணு கூசுதாம். கழட்டிடுங்க" என்றேன். என் கணவர் அப்படிச் சொல்லவே இல்லை. நான் அவரைக் கேட்கவும் இல்லை.

"ஐயோ, எனக்குத் தோணாமப் போச்சே" என்று அக்கா அன்றே கழற்றிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் கஞ்சி ஊட்டப் போனால் இவர் வாயைத் திறக்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாக்குக் குழற, "லைட்டு... எங்க?" என்றார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடினேன். பொய் சொன்னதை அக்காவிடம் ஒத்துக்கொண்டேன். அவர் உள்ளே போய்ச் சுருட்டி வைத்திருந்த லைட்டை எடுத்து வந்தார்.

"நீ போய் அவரு பக்கத்துல உக்காரு. படுத்தாப்புல தெரியுதான்னு பாத்துச் சொல்லு" என்று மாடி ஏறினார்.

கட்டிலில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் எறக்குங்கக்கா!" என்று ஜன்னல் வழியே கத்தினேன். இவருக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரிப்பு வந்தது.

இத்தனை மாதத்தில் எந்த வேலையும் இல்லாமல் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தது அன்றுதான். அசதி இன்னும் போகவில்லை. ஆனால் அதை அவர் பேரில் சொல்வதை விட்டுவிட்டேன்.