அடுப்பு மூலையில் தமிழ்நாடு

ஓசூரை ஒட்டி, மாநில எல்லையில் இருக்கும் ஜூஜுவாடியில் நான் குடியிருப்பது ஒற்றை அறை. என் செல்போனுக்கு மட்டும் அது இரண்டு மாநிலம். ஜன்னல் பக்கம் போனால் கர்நாடக டவர் பிடித்துக்கொண்டு, நல்வரவு என்று மெசேஜ் அனுப்பும். வருகிற அழைப்புக்கும் ரோமிங் காசு போகும். அடுப்பு மூலையில் சுவரோடு ஒட்டி நின்றால் தமிழ்நாடு. கோவில்பட்டியிலிருந்து அப்பா கூப்பிட்டால் ஸ்டவ்வுக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே நின்றுதான் பேசுவேன். வீட்டுக்கார அம்மாவுக்குத் தாய்மொழி கன்னடம், என்னிடம் பாதித் தமிழ். "ஏன் தம்பி மூலையில பூந்துகினு பேசற? யாரு அந்த ஹுடுகி?" என்பார். பெண் இல்லை, அப்பா என்றால் நம்ப மாட்டார். "அப்பாகிட்ட யாரு இவ்ளோ மெல்லப் பேசுவாங்க?"

மெல்லப் பேசக் காரணம் உண்டு. ஊர்ப்பக்கம் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் நான் எம்.எஸ்சி. இயற்பியல். அரசாங்கத்துடையது, பயமில்லை என்று நம்பி, சேரும்போது இருந்த கட்டணத்துக்கு அளவாக வங்கிக் கடன் வாங்கினோம். இரண்டாம் வருடம் ஆய்வகத்துக்கு, தேர்வுக்கு என்று ஒவ்வொன்றையும் ஏற்றினார்கள். வாசலில் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டோம். கட்டணம் இறங்கவில்லை, கடனும் ஏறவில்லை. ஒரு வருடம் நின்றுவிட்டு வந்து சேரலாம் என்று ஒரு விதி மட்டும் இருந்தது. திரும்பிப் போகாவிட்டால் படிப்பும் போகும், கடனையும் உடனே கட்டத் தொடங்க வேண்டும். கடன் பத்திரத்தில் என் கையெழுத்துக்குக் கீழே நூற்பாலைத் தொழிலாளியான அப்பாவின் கையெழுத்து. ஒரே வருடம்தானே என்று ஓசூர் பஸ் ஏறினேன்.

ஊரில் படித்ததைச் சொல்லித்தான் வேலை கேட்போம். இங்கே கான்ட்ராக்டர் முதல் நாளே எச்சரித்தார். "டிகிரின்னு வாயத் தொறக்காத. ஓடிப் போயிடுவான்னு எடுக்க மாட்டாங்க. பிளஸ் டூன்னு சொல்லு." வண்டி பாகம் செய்யும் கம்பெனியில் அப்படித்தான் சேர்ந்தேன். போல்ட் முடுக்கும் டார்க் ரென்ச்சைக் கையில் கொடுத்த அன்று எனக்குப் பிடிபடாத சந்தோஷம். கைப்பிடி நீளத்தையும் விசையையும் சேர்த்து சூப்பர்வைசருக்கே விளக்க ஆரம்பித்துவிட்டேன். பக்கத்தில் வேலை பார்த்த அறைத் தோழன் மஞ்சுநாத் என் காலை மிதித்தான். பக்கத்துப் பேரிகை ஊர்க்காரன், வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னைத் திட்டத் தமிழ். சூப்பர்வைசர் நகர்ந்ததும், "பிளஸ் டூ பையன் மாதிரி முழிடா. ப்ரொபசர் மாதிரி கைய ஆட்டாத" என்றான். அன்றிலிருந்து தெரிந்ததை விழுங்கப் பழகினேன். வங்கிக்கு நான் பட்டதாரி, கம்பெனிக்கு பிளஸ் டூ.

திரும்பிச் சேர வேண்டிய மாதம் வந்தது. வகுப்பு நண்பன் முருகேசன் காலையில் அழைத்தான். ஜன்னலோரம் இருந்தேன், நகரத் தோன்றவில்லை. "நின்னுட்டு வர்றவங்க புது பேட்ச் கட்டணம்தான் கட்டணுமாம்டா. இந்த வருஷம் மறுபடி ஏத்திட்டாங்க. ஆபீஸ்ல கேட்டுட்டுதான் சொல்றேன்." வருடம் முழுக்க ஓவர்டைம் பார்த்துச் சேர்த்தது பழைய கட்டணத்துக்குத்தான் காணும். மஞ்சுநாத் ஸ்டவ்வைத் தணித்துவிட்டு, "ஏலச் சீட்டு எடுத்துத் தரட்டா?" என்றான். சீட்டையும் ஒரு வருடம் கட்ட வேண்டும். கட்ட நான் இங்கேதான் இருக்க வேண்டும். அவனுக்கும் அது தெரியும். ஸ்டவ்வை மறுபடி கூட்டினான்.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். மூலைக்குப் போனேன்.

"எப்பய்யா கெளம்புத? உன் சைக்கிளுக்கு டியூப் மாத்தி வச்சிருக்கேன். காலேசுக்குப் போவ வேணும்லா."

சொல்லத்தான் வாய் திறந்தேன். கால் தானாக ஜன்னல் பக்கம் நகர்ந்தது. எல்லை தாண்டினால் பேச்சு அறுந்துபோகும் என்று எனக்குத் தெரியும். "எய்யா, கேக்குதா?" என்ற குரல் பாதியில் நின்றது. கையில் போன் அதிர்ந்தது. கர்நாடகம் என்னை வரவேற்றது. கீழே வீட்டுக்கார அம்மா துணி எடுத்தபடி அண்ணாந்து, "இன்னிக்கு ஹுடுகி சீக்கிரம் வெச்சுட்டாளா?" என்று சிரித்தார்.

ஜன்னலோரம் நின்றாலும் அடுப்பு மூலைக்குத் திரும்பினாலும் மறுபடி அப்பாவின் மணி அடிக்கும். அறையின் நடுவில் நின்றேன். போனில் எந்த டவரும் காட்டவில்லை.