முன் இருக்கையின் மேலே இருந்த எழுத்து

அந்த இளைஞன் பஸ் இருக்கையிலிருந்து எழும்பியபோது கொண்டக்டர் பின் கதவில் தொங்கியபடி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். பொலிஸ் இல்லை, அதட்டல் இல்லை. ஆனாலும் எழும்பினான். ஏன் என்ற கேள்வி அந்த நிமிடத்தில்தான் என்னைப் பிடித்தது.

என் ராத்தா, மூத்த சகோதரி, ஏறாவூரில் ஆசிரியை. ஏழாம் மாதம். நின்றுகொண்டு பயணம் செய்யவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் ஓட்டமாவடியில் நாங்கள் ஒன்றாக ஏறுவோம். அவள் இறங்கிய பிறகு நான் மட்டக்களப்பு வகுப்புக்குப் போவேன்.

எங்கள் நேரத்துக்கு இரண்டு பஸ்கள். முதல் பஸ்ஸின் முன் இருக்கைக்கு மேலே, சட்டப்படி, ‘கர்ப்பிணித் தாய்மாருக்கு’ என்று ஒட்டியிருக்கும். அன்று அதன் கீழே அந்த இளைஞன் போனில் மூழ்கியிருந்தான். பக்கத்தில் நின்ற மீன் வியாபாரி அவன் தோளைத் தட்டினார்.

“தம்பி, தலைக்கு மேல என்ன எழுதி இரிக்கி?”

“ஏன், நீங்களே வாசிங்களன் காக்கா,” என்றான் அண்ணன் முறை வைத்து.

“கண்ணாடி கொண்டு வரல்ல. நீ படிச்ச புள்ளதானே, எல்லாருக்கும் கேக்க வாசி!”

பஸ் சிரித்தது. அவன் எழும்பிவிட்டான். ராத்தா போய் உட்கார்ந்தாள்.

“நன்றி சொல்லல்லையே?” என்றேன்.

“எண்ட சீட்டில இரிக்க ஆருக்கு நன்றி சொல்ற?”

இதே ராத்தா முந்திய கிழமை இரண்டாவது பஸ்ஸில் ஏறாவூர் வரை நின்றே போனாள். அதே இளைஞன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். கேள் என்று நான் சொன்னதற்கு, “பிச்சையா கேக்கிற?” என்றாள். அந்த பஸ்ஸில் எழுத்து இல்லை.

எழும்பாவிட்டால் என்ன தண்டனை என்று இரண்டு பஸ்ஸிலும் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. சட்டம் செய்தது, இருக்கை யாருடையது என்று சொன்னது மட்டும்தான். மீதியை மீன் வியாபாரி பார்த்துக்கொண்டார்.

இப்போது முதல் பஸ் பழுதாகி கராஜில் நிற்கிறது. நேற்று இரண்டாவது பஸ்ஸின் கொண்டக்டரிடம் கேட்டேன்.

“பெயின்ட் அடிக்கக்குள்ள ஸ்டிக்கர் போயிட்டு புள்ள.”

“சட்டமும் போயிட்டா?”

“அது இரிக்கி. எழுத்துத்தான் இல்ல.”

“நான் ஒட்டட்டா?”

“ஒட்டு. மறுகா ஆரும் எழும்பல்லண்டா என்னைக் கேக்காத.”

ஸ்டிக்கர் வாங்கிவிட்டேன். ராத்தாவுக்கு நம்பிக்கை இல்லை: “கண்ண மூடுறவனுக்கு நீ எங்க ஒட்டுவா?”

அவன் வாசிக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். நிற்பவர்களின் கண்மட்டத்தில் ஒட்டப்போகிறேன். நாளைக் காலை, ராத்தா ஏறுவதற்கு முன்.