ஒரு சாண் டீசல் இன்ஜின்

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாலாஜாபாத் ரயில் நிலைய நடைமேடையின் கோடியில், குடையைக் கக்கத்தில் இடுக்கியபடி மெர்சி குனிந்து நிற்கிறார். எதிரே, கார்களை ஏற்றிய சரக்கு ரயிலின் முன்னால் டீசல் இன்ஜின் உறுமிக்கொண்டிருக்கிறது. அவர் பார்ப்பது அதன் முகப்பை அல்ல. சக்கரத்துக்கு மேலே உள்ள ஒரு மூடியை. "நாலு போல்ட்டு. நான் மூணு வச்சிகீறேன்" என்று முணுமுணுத்து, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்கிறார்.

வடக்குப்பட்டில் வீடு. ஒரகடத்தில் கார் உதிரிபாக ஆலையொன்றில் பதினாறு வருடமாகத் தரச்சோதனை வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் சமையல் மேடையின் ஒரு முனை அவருடைய பட்டறை. நிஜ இன்ஜினில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில், பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டி மாதிரி இன்ஜின்கள் செய்கிறார். எழுபது அடி இன்ஜின் ஒரு சாணுக்குச் சற்று மேலே வந்து நிற்கும். பின்விளக்குக்குச் சிவப்பு நெயில் பாலிஷ். புகைபோக்கியைச் சுற்றிய கரிக்குக் கண்மை. அடிப்பாகத்துப் புழுதி மட்டும் அசல்; வாலாஜாபாத்திலேயே அள்ளி, மெல்லிய துணியில் சலித்தது.

பயணிகள் ரயில் செய்யக்கூடாதா என்று கேட்டேன்.

"பாசஞ்சர் வண்டிய எல்லாரும்தான் பாக்குறாங்க. கூட்ஸு போனா கேட்டு எப்ப தொறப்பான்னுதான பாக்குறாங்க? அது எவ்ளோ வெயிட்டு இஸ்துகினு போவுது தெரியுமா?"

ஆலைப் பேருந்து ஓட்டும் கணவர் ராஜசேகர் குறுக்கிட்டார்: "என் மூஞ்சிய ஒரு நாளாவது இப்டி உத்துப் பாத்துகீறாளா, கேளு சார்."

மெர்சியின் பெயின்ட்டைப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போவார்கள். போன வருடம் அந்தப் பெயின்ட் பயன்படாத ஓர் இடத்துக்கு அவர் போக நேர்ந்தது.

உடன் வேலை செய்யும் கவிப்பிரியா தன் அப்பாவுக்காக ஓர் இன்ஜின் கேட்டாள். அப்பா பேச்சிராஜ் தென்காசிப் பக்கத்துக்காரர். சரக்கு ரயில் ஓட்டியவர். சர்க்கரை நோயில் பார்வை குறைந்து, ஓய்வுக்கு ஆறு வருடம் முன்பே இன்ஜினை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. இப்போது சுத்தமாகப் பார்வை இல்லை. அவர் கடைசியாக ஓட்டிய இன்ஜினின் புகைப்படங்கள் மூன்று இருந்தன. ஐந்து மாதம் உழைத்து, எண் முதற்கொண்டு எழுதி, மண்ணூரில் அவர்கள் வீட்டுக்கே மெர்சி கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று நானும் கூடப் போயிருந்தேன்.

பேச்சிராஜ் அதை மடியில் வைத்து விரல்களால் தடவினார். மூக்கு, விளக்கு, கூரைமேல் இன்ஜினைக் குளிர்விக்கும் விசிறி. முகம் மலர்ந்துகொண்டே வந்தது. இடப்பக்க ஏணிக்கு வந்ததும் விரல் நின்றது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. ஆனா இது எம் வண்டி இல்ல."

கவிப்பிரியா பதறிவிட்டாள். "அப்பா! அக்கா எவ்ளோ கஷ்டப்பட்டு…"

"நீ இரு" என்றார் மெர்சி. முகம் சுண்டிப்போயிருந்தது. "இன்னா தப்புன்னு சொல்லுங்கய்யா."

"ஏறுற கைப்பிடிக் கம்பி இதுல நேரா இருக்கு. யார்டுல ஒருக்கா இடிபட்டு எம் வண்டியில உள்ள வளைஞ்சிருக்கும். நாலு வருசம் அந்தக் குழியில பெருவிரல வச்சுத்தான் ஏறுனேன், பாத்துக்கிடுங்க."

புகைப்படம் மூன்றும் வலப்பக்கம் எடுத்தவை.

"எத்தினி மில்லிமீட்டர் இருக்கும்?"

"அதெல்லாம் யாரு கண்டா? எங் கைக்குத்தான் தெரியும்."

அந்த இன்ஜின் இப்போது எந்த ஊரில் ஓடுகிறதோ, கம்பியை நிமிர்த்திவிட்டார்களோ, தெரியாது. மெர்சி நாற்காலியை விட்டு இறங்கிப் பேச்சிராஜ் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவருடைய பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் எடுத்து, தலைமுடி கனமே உள்ள அந்தச் செம்புக் கம்பியில் வைத்தார்.

"நீங்களே வளைங்கய்யா."

"ஒடிஞ்சிராதா?"

"ஒடிஞ்சா வேற வச்சிக்கலாம்."

அவர் அழுத்தினார். கம்பி உள்ளே போயிற்று. போதாதென்று தலையசைத்து இன்னும் அழுத்தினார். மஞ்சள் பெயின்ட் பொருக்காக உடைந்து அவர் வேட்டியில் உதிர்ந்தது. இன்ஜின் நகராதபடி மெர்சி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.