ஸ்டெபிலைசர் இருக்கா, டாக்டர்?

கேம்பல் பேயில் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. போர்ட் பிளேரில் கப்பல் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம். நான் ஏறவில்லை. கடல் ஒத்துக்கொள்ளாது என்று மனைவியிடம் புளுகினேன். தீவிலேயே பிறந்தவன் சொல்கிற பொய்யா இது? வீங்கிய புராஸ்டேட் என்னை ஓயாமல் கழிவறைக்கு விரட்டியது. கப்பலில் வெளியே ஒரு கூட்டம் கதவைத் தட்ட, உள்ளே சொட்டுச் சொட்டாகத் தவம் கிடப்பதை நினைத்தாலே வியர்த்தது.

"அரே, இந்த பஹானா எல்லாம் என்கிட்ட வேணாம். முதல்ல மெயின்லேண்ட் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க. உங்கள விட்டுட்டு பச்சாவப் பாக்க நான் மட்டும் ஜஹாஜ் ஏற மாட்டேன்," என்றாள் மனைவி. என் வெட்கத்துக்கு அவளும் தண்டனை அனுபவித்தாள்.

இரண்டே மணி நேர விமானத்தில் போய்ப் பார்த்த சென்னை டாக்டர் கத்தியே வேண்டாம் என்றார். மெல்லிய குழாயை உள்ளே விட்டு அளவான சூடு கொடுத்தால், சில வாரங்களில் சுரப்பி சுருங்கிவிடுமாம். வேறு யாராவது என்றால் வலிக்குமா என்று கேட்டிருப்பார்கள். நானோ காலமெல்லாம் வயரிங் வேலை பார்த்தவன். போர்ட் பிளேரில் எங்கள் டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் வோல்டேஜ் ஏறி எத்தனை ஃபிரிட்ஜ் புகைந்திருக்கிறது! கால்களை விரித்துப் படுத்திருந்த நிலையிலும் எனக்குள்ளிருந்த எலக்ட்ரீஷியன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"டாக்டர், இந்த மெஷினுக்கு ஸ்டெபிலைசர் இருக்கா?"

"எல்லாம் இருக்கு சார். படுங்க."

"கரண்ட் போனா? ஜெனரேட்டர் ஆட்டோ ஸ்டார்ட்டா?"

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அந்த நேரம் பார்த்து விளக்கு ஒருமுறை மினுங்கியது. "மெயினை ஆஃப் பண்ணுங்க!" என்று நான் போட்ட கூச்சல் வெளியே உட்கார்ந்திருந்த மனைவிக்கும் கேட்டதாம். டாக்டர் இன்னும் மெஷினைத் தொடவே இல்லை.

சில நாள் குழாயும் சிறுநீர்ப் பையுமாக அலைந்தேன். பிறகு மெல்ல மெல்லச் சரியானது. கேம்பல் பே கப்பலில் கழிவறைக்குப் பக்கத்துப் படுக்கையைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கி, அதில் வழி நெடுகத் தூங்கினேன்.

பேரன் அதற்குள் தவழ ஆரம்பித்திருந்தான். மடியில் வைத்த மாத்திரத்தில் சட்டையை நனைத்தான். என்ன ஓட்டம், என்ன அழுத்தம்! ஒரு கூச்சம் உண்டா அவனுக்கு? இவன் இவ்வளவு வளரும்வரை, இதற்கு வெட்கப்பட்டா ஒளிந்து கிடந்தேன் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

மனைவி துண்டை நீட்டினாள். "மெயினை ஆஃப் பண்ணட்டுமா?"