புகையைத் திட்டாத மனிதர்

கடம்பூர் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் என் அண்ணன் வைத்திருந்த போளிக் கடையில், கல்லாப்பெட்டிக்கு வலப்புறம் ஓர் எவர்சில்வர் தம்ளர் எப்போதும் தண்ணீரோடு இருக்கும். அது வாடிக்கையாளர்களுக்கானது அல்ல. அவர்களுக்கு வாசலில் பானையும் குவளையும் உண்டு. இந்தத் தம்ளர் என் மதினிக்கு. பின்கட்டில் மதினி சிரிக்கத் தொடங்கினால் அண்ணன் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டித் தம்ளரை உள்பக்கமாக நகர்த்துவார். சிரிப்பு பாதியில் உடைந்து இருமலாகும். இருமல் அடங்கும்போது எதற்காகச் சிரித்தோம் என்பது எங்களுக்கு மறந்துபோயிருக்கும். மதினி அடுத்தவரைச் சிரிக்கவைத்துத் தானும் சிரிக்கிற ஆள். அவருக்கு இது சின்னத் தண்டனை அல்ல. இரண்டாயிரத்துக்குப் பின் வந்த ஆண்டுகள் அவை. நான் கோவில்பட்டியில் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தேன்; ஞாயிற்றுக்கிழமைகளில் கடம்பூருக்குப் போய்விடுவேன்.

அடுப்பில் எரிந்தது வேலிக்கருவை விறகு. எங்கள் கரிசலில் யாரும் விதைக்காமல் விளைவது அது ஒன்றுதான். போளிக்கு வேண்டியது நிதானமான சூடு. தீ ஏறினால் மேல்மாவு கருகும், உள்ளே பூரணம் வேகாது. ஆகவே எரிகிற கட்டையை வெளியே இழுப்பதும் மறுபடி உள்ளே தள்ளுவதுமாக நாள் முழுக்க மதினியின் ஒரு கை அடுப்பு வாயிலேயே இருக்கும். இழுத்து வைத்த கட்டைதான் அதிகம் புகையும். நல்ல போளி வேண்டுமென்றால் நல்ல புகையும் வேண்டும் என்பது அந்த அடுப்பின் ஏற்பாடு. பின்கட்டின் தகரக் கூரை உள்பக்கம் தார் பூசியது போல் இருந்தது. மதினியின் நெஞ்சும் அப்படித்தான் இருக்கும் என்று கோவில்பட்டி டாக்டர் ஒருநாள் கூரையைப் பார்க்காமலே சொன்னார். புகையை விட வேண்டும், இல்லையென்றால் தொழிலை விட வேண்டும். இன்னும் சில வருடம் இப்படியே போனால் படியேறக்கூட மூச்சு இருக்காது என்றார். மண்ணெண்ணெய் அடுப்பில் சுட்டால் போளியில் வாடை ஏறும். கடைக்கான காஸ் சிலிண்டர் ஒரு வாரம் வரும், ஒரு வாரம் வராது.

இந்த நேரத்தில்தான் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விற்பனையாளர் இரும்பு அடுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அடியில் சிறிய காற்றாடி. எரிபொருள், மரத்தூளையும் கடலைத் தோட்டையும் அழுத்திச் செய்த பெல்லட். விரல் கனம், பழுப்பு நிறம். பார்த்தால் மாட்டுக்குப் போடும் கட்டித் தீவனமேதான். புகையே வராது என்றார். ஒரு சாக்கை மாதிரிக்கு வைத்துவிட்டு, கூடவே வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு சிறு புத்தகத்தையும் கொடுத்துப் போனார். அதில் பக்கத்துக்கு ஒருவராக, அடுப்பை வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டு அதைப் பாராட்டியிருந்தார்கள்.

சாக்கு வாசலில் இருந்த சமயம் பக்கத்துத் தெரு ஆடு ஒன்று அதன் வாயைப் பிரித்துக் கொஞ்சம் தின்றுவிட்டது. ஆட்டுக்குச் சொந்தக்காரர் பதறி ஓடிவந்து அதன் வயிற்றைத் தடவிக்கொண்டே நின்றார். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மதினி என்னிடம் சொன்னார்:

"கொழுந்தனாரே, காசு வாங்காம அபிப்பிராயம் சொன்னது இந்த ஆடு ஒண்ணுதான். ஆனா அது எலக்சன் போஸ்டரையும் இதே மாதிரிதான் ருசிச்சுத் தின்னுச்சு. அதை நம்பி அடுப்பை இடிக்கவா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணனின் கை தம்ளரை நகர்த்தியது.

அடுப்பை இடிப்பதுதான் பிரச்சினை. பெல்லட் அடுப்பு ஒரு தடவை நிரப்பினால் எரிந்து முடியும்வரை அதில் மேற்கொண்டு அள்ளிப் போடக் கூடாது. அதனால் வேலை நிற்காமல் நடக்க இரண்டு அடுப்பு வேண்டும். அந்த இடுக்குப் பின்கட்டில் பழைய அடுப்பை இடித்தால்தான் இரண்டுக்கும் இடம். தீபாவளி விற்பனை நெருங்கிக்கொண்டிருந்தது. இடித்த பிறகு புது அடுப்பு கைவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். இடிக்காவிட்டால் நெஞ்சு. விற்பனையாளர் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காட்டியிருந்தார். தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துப் போளியை முடிவு செய்ய முடியாது. மதினி புத்தகத்தை என் மடியில் போட்டார். "நீங்க பேப்பர்காரருல்லா. இதுல எவன் நெசம் சொல்லுதான், எவன் புளுகுதான்னு பாத்துச் சொல்லுங்க."

அன்றாடம் அறிக்கைகளை வெட்டித் திருத்துகிற எனக்கு அந்தப் புத்தகம் கடினமாக இல்லை. குளத்தூர்ப் பெண்மணியும் கோவில்பட்டி டீக்கடைக்காரரும் ஒரே வாக்கியத்தைப் பேசினார்கள். இரண்டு பேருமே "மட்டற்ற மகிழ்ச்சி" அடைந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படி மகிழ்ச்சி அடைவதில்லை. எல்லாம் ஒரே பேனா என்று சொல்லிவிட்டேன். ஆனால் பேர் போட்டு எழுதியிருந்தால் அந்த ஆளை நேரில் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது என்பது தொழில் பழக்கம். போனேன்.

கோவில்பட்டி டீக்கடைக்காரர் புத்தகத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். இதை நான் எங்கே சொன்னேன், அவிய எழுதிக்கிட்டு வந்தாவ, நான் சரின்னு தலையாட்டினேன் என்றார். ஆனால் அவருடைய பாய்லருக்கு அடியில் பெல்லட்தான் எரிந்துகொண்டிருந்தது. குளத்தூரில் பள்ளி ஆசிரியைகளுக்குச் சாப்பாடு செய்து கொடுத்த அந்தப் பெண்மணி, தான் மனசாரத்தான் பாராட்டியதாகச் சொன்னார். ஆனால் அவர் வீட்டில் இரும்பு அடுப்பின் மேல் வெங்காயக் கூடை இருந்தது. பாராட்டியது வாங்கின புதிதில். பிறகு அடைமழை வந்து, திறந்து கிடந்த சாக்கில் பெல்லட் ஊறி உப்பி, தவிடு மாதிரி உதிர்ந்துபோயிற்று. அத்தோடு விட்டுவிட்டார். ஒருவர் சொல்லாத பாராட்டு இன்றும் பொருந்தியது. மற்றவர் சொன்ன பாராட்டு மழையோடு போய்விட்டது. இதை வைத்து என்ன முடிவு செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் எப்போதும்வென்றான் என்ற ஊரில் ஒரு புரோட்டாக் கடையில் டீ குடிக்க நின்றேன். மூலையில் அதே இரும்பு அடுப்பு. புத்தகத்தில் இந்தக் கடைக்காரர் இல்லை. ஏன் இல்லை என்பது அவர் வாயைத் திறந்ததும் புரிந்தது.

"அதை ஏன் அண்ணாச்சி கேக்கீங்க. மொதல்ல ஆளைக் கொளுத்துத மாதிரி எரியும். கொஞ்ச நேரம் போனா கங்காப் போயி உக்காந்துக்கிடும். கல்லு ஆறவும் மாட்டேங்கு, ஏறவும் மாட்டேங்கு. புரோட்டாக் கல்லுன்னா சூடு ஏறி நிக்கணும்லா. என் தலையில கட்டிட்டுப் போயிட்டான்."

அதோடு நிறுத்தவில்லை. காற்றாடி கொசு மாதிரி ரீங்கரிக்கிறது, சாக்கு ஓட்டை, விற்றவன் போனை எடுப்பதில்லை, அடுப்பின் கால் ஒன்று கட்டை என்று டீ ஆறும்வரை திட்டினார். வாங்கிய பாவத்துக்குச் சால்னா வைக்க மட்டும் அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அச்சில் வராத, யாரும் கேட்டு வாங்காத ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. செய்தியை முடித்த திருப்தியோடு கடம்பூருக்குப் போய், வேண்டாம் என்று சொன்னேன்.

மதினி மாவு பிசைந்துகொண்டே கேட்டார்: "அந்த மனுஷன் என்னென்னத்தையெல்லாம் திட்டுனாரு? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் கை நின்றது.

"புகையைத் திட்டலையா?"

இல்லை என்றேன்.

"காத்தாடியைத் திட்டுதாரு, சாக்கைத் திட்டுதாரு, காலு கட்டைங்காரு. புகைஞ்சிருந்தா அதை மட்டும் விட்டுவச்சிருப்பாரா?" மறுபடியும் கேட்டார்: "கல்லு ஆறாது, ஏறாதுன்னாரா? அப்படியே நிக்குமாமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டையை இழுத்தும் தள்ளியும் நாள் முழுக்க மதினி தேடிய சூட்டைத்தான் அந்த மனிதர் குறையாகச் சொல்லியிருந்தார். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: இது நல்லதா, கெட்டதா? யாருக்கு என்று கேட்க மறந்துவிட்டேன். டீக்கடைக்காரர், குளத்தூர்ப் பெண்மணி, புரோட்டாக் கடைக்காரர், எல்லோரும் அவரவர் அடுப்பைப் பற்றித்தான் பேசியிருந்தார்கள்.

அப்போதும் மதினி உடனே சரி சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தூக்குவாளியில் மாவும் இன்னொன்றில் பூரணமுமாக என்னோடு பஸ் ஏறினார். புரோட்டாக் கடை மத்தியானம் ஓய்ந்திருந்தது. தன் குறையைக் கேட்க இரண்டு பேர் பஸ் ஏறி வந்திருப்பதில் கடைக்காரருக்குப் பெருமை. அடுப்பை நிரப்பிப் பற்றவைத்தார். பற்றும்போது மட்டும் கொஞ்சம் புகைந்தது. பிறகு தீ எழுந்து நின்று எரிந்தது. மதினி கல்லைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். தீ மெல்ல அடங்கிக் கங்கானது.

"அக்கா, அடுப்பு செத்துப்போச்சு," என்றார் கடைக்காரர்.

"சாவட்டும் அண்ணாச்சி. அதுக்குத்தான் பஸ் ஏறி வந்தேன்."

கல்லைப் போட்டார். வாழையிலையில் தட்டிய போளி ஒன்றன் பின் ஒன்றாக விழுந்தது. நான் போளியைப் பார்க்கவில்லை. அவர் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்புக்கு நேர் மேலே முகம் இருந்தும் கண்ணில் நீர் இல்லை. கை அடுப்பு வாய்க்குப் போய்ப் போய்த் திரும்பியது. இழுக்க அங்கே கட்டை இல்லை. கடைசிப் போளியும் முதல் போளியும் ஒரே நிறத்தில் இருந்தன. கடைக்காரர் ஒன்றைத் தின்று, இன்னொன்றையும் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு, போளி நல்லாத்தான் இருக்கு, நெய்தான் கொஞ்சம் பத்தாது என்றார். பஸ்ஸில் மதினி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், இருமினார். நெஞ்சு ஒரே நாளில் சரியாவதில்லை.

பழைய அடுப்பின் முதல் செங்கல்லை மதினிதான் பெயர்த்தார். அண்ணன் வாசலைப் பார்த்து நின்றுகொண்டார். என் அலைச்சலும் வீணாகவில்லை. குளத்தூரில் நான் பார்த்துவந்த உதிர்ந்த சாக்கை மனதில் வைத்து, மூடியுள்ள எண்ணெய் டிரம்களைச் செங்கல் மேல் ஏற்றி, மழைக்கு முன்பே பெல்லட்டை நிரப்பி வைத்தார்கள். ஐப்பசியில் மழை பிடித்தது. செருப்பில் ஒட்டிய கரிசல் மண்ணைச் சுரண்டிக்கொண்டே நான் கடைக்குள் நுழைந்த ஒரு ஞாயிறு, மதினி ஒரு டிரம்மைத் திறந்து உள்ளே கைவிட்டார். ஈரம் ஏறாத பெல்லட் கலகலவென்று சத்தமிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அண்ணன் கல்லாவில் சாய்ந்து உட்கார்ந்ததை இன்னும் மறக்கவில்லை. தீபாவளிக்குக் கடையை மூட நேரவில்லை. வெயில் காலத்தில் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, இப்போது கேட்க நன்றாயிருக்கிறது என்றார்.

சில வருடங்களில் பெல்லட் வரத்து குறைந்து நின்றுபோயிற்று. அதற்குள் காஸ் சிலிண்டர் ஒழுங்காக வரத் தொடங்கியிருந்தது, பெரிய நஷ்டமில்லை. அந்த இரும்பு அடுப்புகள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டிருந்தன.

போன மாதம் கடைக்குப் போயிருந்தேன். மதினிக்குத் தலை நரைத்துவிட்டது. கடையைப் பற்றி யார் யாரோ போனில் எழுதுகிறார்கள் என்று காட்டினார். பாராட்டுகளை விரலால் தள்ளிக்கொண்டே போய் ஒற்றை நட்சத்திரத்தில் நின்றார். கூட்டம் அதிகம், வெயிலில் நிற்கவைத்துவிட்டார்கள், போன தடவையைவிடப் போளி சிறியது, கேட்ட அளவு தரவில்லை என்று ஒருவர் திட்டியிருந்தார்.

"பாத்தீங்களா கொழுந்தனாரே, போன தடவையும் வந்திருக்காரு. இந்தத் தடவை வெயில்ல நின்னு வாங்கியிருக்காரு. கேட்டதுக்குக் கம்மியா குடுத்தோம்னு கோவம். எப்போதும்வென்றான்காரருக்குச் சொந்தமா இருப்பாரோ?"

சிரிக்கத் தொடங்கினார். அண்ணன் கல்லாவில் இல்லை, எங்கோ வெளியே போயிருந்தார். எவர்சில்வர் தம்ளர் வழக்கமான இடத்தில் இருந்தது. என் கை தானாக நீண்டு அதை எடுத்துவிட்டது. மதினி சிரித்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு ஏறி, நின்று, தானாக இறங்கி முடிந்தது. எதற்காகச் சிரித்தோம் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே நினைவிருந்தது. தம்ளரில் இருந்த தண்ணீரை நானே குடித்தேன்.