சந்தனம் வைத்த புராஜெக்ட்

இதை எழுத எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. பேனாவை எடுப்பேன், மகள் முகம் வந்து நிற்கும், மூடி வைத்துவிடுவேன். இன்று பிள்ளையாரை நினைத்துத் தொடங்குகிறேன். எட்டாவது வரை படித்த விவசாயி நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் படித்தாள். கடைசி வருஷம் சொந்தமாக ஒரு புராஜெக்ட் செய்து காட்ட வேண்டும். எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, எடை போட எங்கள் முறை எப்போது வரும் என்று தெரியாமல் நாட்கணக்கில் காவல் கிடப்போம். அந்த முறையைப் போனிலேயே தெரிவிக்கும் ஒன்றைச் செய்யப்போவதாகச் சொன்னாள்.

"முறை தெரிஞ்சா நெல்லு வீட்லயே இருக்கும்லப்பா. மழையில ஏன் கொட்டி வைக்கணும்?"

நோட்டோடு ஒரு வாரம் அங்கே வந்து, ஒவ்வொரு குவியலாகப் போய்க் கேட்டு எழுதினாள். மூட்டை தூக்குகிறவர் ஒருவர் என்னைப் பார்த்து, "என்னண்ணே, படிக்க வச்ச பொண்ண சாக்கு தைக்கக் கூட்டியாந்துட்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அவரிடமும் கேள்வி கேட்டாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

"நாளையிலேர்ந்து நீ அங்க வரவேணாம்."

"பாதி முடிச்சிட்டேம்ப்பா."

"எல்லாப் பிள்ளைங்களும் கடையிலதான வாங்குதுங்க? நீ மட்டும் என்ன அதிசயம்?"

புராஜெக்ட் விற்கும் கடைக்கு நானே கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரிக்கான ஏதோ ஒன்றை, பைண்டு போட்டு, அவள் பேரும் அச்சடித்துக் கொடுத்தார்கள். அதைப் பிள்ளையார் பாதத்தில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு வாங்கினேன். "குழந்தை சொந்தமா செஞ்சதா?" என்று குருக்கள் கேட்டார். "ஆமாங்க சாமி" என்றேன். சன்னதியில் நின்று சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நல்ல மார்க் வந்தது. சில மாதத்தில் திருச்சியில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. வாசலில் காத்திருந்தேன். சீக்கிரமே வெளியே வந்துவிட்டாள்.

"புராஜெக்டைப் பத்திதாம்ப்பா கேட்டாங்க. ஏன் இப்படி செஞ்சே, எங்க தப்பு வந்துச்சு, யாரு உபயோகிச்சாங்கன்னு. எனக்கு ஒண்ணுமே தெரியல. நீ செஞ்சதாம்மான்னாங்க. இல்லைன்னுட்டேன்."

"அத ஏம்மா சொன்னே?"

"நீங்க சாமிகிட்ட சொன்னதே போதும்ப்பா."

அதன்பிறகு அவள் எந்த இன்டர்வியூவுக்கும் போகவில்லை. இப்போது ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். என்னோடு பேச்சு அளவாகத்தான்.

போன தையிலும் கொள்முதல் நிலையத்தில் முறைக்குக் காத்திருந்தே என் நெல் நனைந்து முளைவிட்டது. அவள் நோட்டு பரணில் கிடக்கிறது. பாதிக்கு மேல் வெற்றுப் பக்கங்கள்.

கடைசி வருஷம் படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு இதைப் படி எடுத்துக் கொடுங்கள். ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம். என் மேல் இரக்கப்பட்டு, சன்னதியில் நான் சொன்ன பொய்யை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.